முதல் நாவல், 300 பிரதி, 59 வயது: ஃபேஸ்புக்கில் எங்கிருந்து தொடங்குவது?

நம்பர்ப்ளீஸ் | 12 செப்டம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

1985இல் கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லில் நாடு முழுக்கச் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. வெளியூர் அழைப்பை, அதாவது ட்ரங்க் காலை, நாங்கள் கையால் இணைத்துக் கொடுத்த ட்ரங்க் போர்டு காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதினேன். நாலு வருஷம் பிடித்தது. சின்னப் பதிப்பகம் ஒன்று 300 பிரதி போட்டது. 240 பக்கம், 280 ரூபாய். ஆகஸ்டில் வெளியீட்டு விழா. வந்தவர்கள் 41 பேர், அதில் 26 பேர் சொந்தக்காரர்கள். அன்றைக்கு 38 பிரதி போனது. அதற்குப் பிறகு இன்று வரை 3.

ஃபேஸ்புக்கில் ஆக்டிவாக இருக்க வேண்டும் என்கிறார் பதிப்பாளர். இன்ஸ்டாகிராம்தான் சரி என்கிறான் மகன். இரண்டும் வேண்டாம், யூட்யூப் என்கிறாள் மருமகள். எனக்கு வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். பத்து நாள் முன்பு ஃபேஸ்புக் கணக்குத் தொடங்கி, புத்தக அட்டையைப் போட்டு, "என் முதல் நாவல் வெளிவந்துவிட்டது, வாங்கிப் படித்து ஆதரவு தாருங்கள்" என்று எழுதினேன். 4 லைக். அதில் ஒன்று நானே போட்டது, கை பட்டுவிட்டது.

எதில் தொடங்குவது? தினமும் எவ்வளவு நேரம்? பாக்கி பிரதிகளில் ஐந்து கட்டு என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. பல்லி முட்டை வைப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

பெட்டிக்கடை | 12 செப்டம்பர் 2024

அக்கா, மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஒன்றிலும் தொடங்காதீர்கள். அடுத்த நாவலை எழுதுங்கள்.

நான் எட்டு வருஷமாக ஃபேஸ்புக்கில் இருக்கிறேன். 5,000 நண்பர்கள் நிரம்பி, இனி ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒருவரை வெளியேற்ற வேண்டும். என் கடைசிச் சிறுகதைத் தொகுப்பு விற்றது 112. கதையிலிருந்து நாலு வரி போட்டால் 60 லைக். யாரோடாவது சண்டை போட்டால் 900. புத்தகம் வந்திருக்கிறது என்றால் வரிசையாக "வாழ்த்துகள் தோழர்". அதற்குத் தமிழில் "வாங்க மாட்டேன்" என்று பொருள்.

அச்சுமை | 13 செப்டம்பர் 2024

பெட்டிக்கடை அண்ணன் எப்போதும் இப்படித்தான், பயப்படாதீர்கள் அம்மா. நான் பதினைந்து வருஷமாகப் புத்தக வடிவமைப்பும் கொஞ்சம் பதிப்பும் செய்கிறவன்.

முதலில் அந்த "ஆதரவு தாருங்கள்" என்பதை எடுங்கள். கோயில் திருப்பணிக்கு ரசீது புத்தகம் நீட்டுவது மாதிரி இருக்கிறது. ஒருவர் 280 ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்கினால் அது ஆதரவு இல்லை, அவருக்கு அதில் ஏதோ வேண்டியிருக்கிறது. என்ன வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் பதிவைத் தேடிப் பார்த்தேன். ட்ரங்க் கால் என்ற வார்த்தையே அதில் இல்லை! உங்கள் பெயரை யாருக்கும் தெரியாது. ட்ரங்க் காலை நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், எழுத்தாளர் பக்கம் என்று தனியாகத் தொடங்கச் சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். புதுப் பக்கத்தில் எழுதுவது பணம் கட்டி விளம்பரம் செய்யாதவரை பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. சொந்தக் கணக்கிலேயே எழுதுங்கள்.

கோவைப்புழு | 13 செப்டம்பர் 2024

ஹாய் அம்மா! நான் இன்ஸ்டாவில் புத்தகங்கள் பற்றிப் போடுகிறேன். 24 வயது. ட்ரங்க் கால் என்றால் என்னவென்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன், சத்தியமாக. பெட்டி நிறைய ஒயரோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. செம்ம. இப்படிப் படம் உங்களிடம் இருக்கிறதா?

இன்ஸ்டாவில் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: படத்துக்குக் கீழே எழுதுவதில் இணைப்பு போட்டால் அதை அழுத்த முடியாது. சுயவிவரத்தில்தான் போட வேண்டும். நிறையப் பேர் நீளமான இணைப்பைக் கீழே ஒட்டிவிட்டு, யாரும் வாங்கவில்லை என்று அழுகிறார்கள்.

நம்பர்ப்ளீஸ் | 14 செப்டம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. கோவைப்புழு கண்ணு, 1988இல் பிரிவு உபசார விழா ஒன்றில் எடுத்த படம் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் மற்றவர்களைக் கேட்காமல் போட மனசு வரவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

தம்பி பெட்டிக்கடை, எழுதுகிறவள் தானே கடை விரிப்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழையபேப்பர் | 15 செப்டம்பர் 2024

கூச்சம் என்று சொன்னதால் குறுக்கே வருகிறேன். 1920இல் பாரதி தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாக நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குக் கடனும் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போகும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை, மறு வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். அதற்கும் முன்னால், 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்காக உ.வே.சா. ஊர் ஊராக, புத்தகம் வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் சேர்த்தார். இன்றைக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்று போஸ்டர் போடுகிறோமே, அதுதான் அன்றைய கையொப்பம்.

அவர்கள் கூசவில்லை. நமக்கென்ன.

பெட்டிக்கடை | 15 செப்டம்பர் 2024

பாரதிக்கே பலிக்கவில்லை என்றுதான் ஐயா நானும் சொல்கிறேன்.

நம்பர்ப்ளீஸ் | 6 அக்டோபர் 2024

வந்துவிட்டேன். சொல்ல நிறைய இருக்கிறது.

அச்சுமை தம்பி சொன்னபடி புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ராத்திரி ட்யூட்டியைப் பற்றி எழுதினேன். 1987, மார்கழி. ராத்திரி இரண்டு மணிக்குப் பம்பாயிலிருந்து லைட்னிங் கால். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை உண்டு. லைட்னிங்குக்கு ஆர்டினரியைப் போல எட்டு மடங்கு கட்டணம். அந்த நேரத்தில் அவ்வளவு காசு கட்டி யாராவது கூப்பிட்டால் விஷயம் என்னவென்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இணைத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. ஆனால் மூன்று நிமிஷம் ஆனதும் உள்ளே நுழைந்து "த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்று கேட்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. ஒன்பது நிமிஷம் விட்டேன். காலையில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவுதான் எழுதியது. 1,140 லைக், 310 பேர் பகிர்ந்திருக்கிறார்கள், கமென்ட் 270க்கு மேல். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ட்ரங்க் கால் கதையைச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு பி.பி. கால் வந்து, ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்த கதைகள். இரண்டு நாள் தூங்கவே இல்லை.

மறுநாள் புத்தக இணைப்பைப் போட்டேன். 31 லைக். 6 பிரதி போனது.

1,140 எங்கே, 6 எங்கே? பெட்டிக்கடை தம்பி சொன்னது சரிதானா?

அச்சுமை | 6 அக்டோபர் 2024

இல்லவே இல்லை அம்மா. ஆறு பேரும் உங்களுக்குச் சொந்தக்காரர்களா? இல்லையே. அதுதான் விஷயம்.

ஆனால் தவறு ஒன்று நடந்திருக்கிறது. 270 பேர் கமென்ட் எழுதிய இடத்தில் நாவல் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் தனியாகப் போட்ட பதிவு அதே 270 பேர் கண்ணில் பட்டிருக்குமா என்பதும் சந்தேகம். முதல் பதிவின் கீழேயே, முதல் கமென்டாக நீங்கள் எழுதியிருக்க வேண்டும்: இந்தக் காலத்தை வைத்து நாவல் எழுதியிருக்கிறேன், வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள் என்று. இணைப்பைப் பதிவுக்குள் வைக்காமல் கமென்டில் வைப்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. பதிவுக்குள் வைத்தால் குறைவாகப் போய்ச் சேருகிறது என்பது எங்கள் அனுபவம்.

இன்னொன்று. உங்கள் இணைப்பை அழுத்திப் பார்த்தேன். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை, ஓடிபி போடு என்று ஏழு படி ஏற வேண்டியிருக்கிறது. பி.பி. காலுக்கு ஓடி வந்த தலைமுறைதான் உங்கள் வாசகர். அவர்களுக்கு ஜிபே எண் கொடுங்கள், போதும்.

கோவைப்புழு | 7 அக்டோபர் 2024

அந்த 270 பேருக்கும் பதில் எழுதினீர்களா அம்மா?

நம்பர்ப்ளீஸ் | 7 அக்டோபர் 2024

முதல் முப்பது பேருக்கு எழுதினேன். பிறகு கை வலித்தது. சரி, இன்றைக்கு உட்கார்ந்து மிச்சத்தை முடிக்கிறேன்.

நம்பர்ப்ளீஸ் | 19 அக்டோபர் 2024

முடித்தேன், நாலு நாள் ஆனது. ஒவ்வொருவரிடமும் "எந்த ஊர் எக்ஸ்சேஞ்ச்?" என்று மட்டும் கேட்டேன். பாதிப் பேர் திரும்ப எழுதினார்கள். ஏழெட்டுப் பேர் எங்கள் டிபார்ட்மென்ட் ஆட்களே, தஞ்சாவூர், விழுப்புரம், காரைக்குடி என்று. ஒருவர் ஓய்வூதியர் சங்க வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே மட்டும் 22 பிரதி.

ஆனால் நாவல் ஒரு வரி நகரவில்லை. இரண்டாவதைத் தொடங்கியிருந்தேன். காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்க்கிறேன். பெட்டிக்கடை தம்பி, இதைத்தான் சொன்னீர்களா?

பெட்டிக்கடை | 19 அக்டோபர் 2024

இதைத்தான் சொன்னேன் அக்கா. எனக்கு மூன்று வருஷம் போனது. கதை தோன்றினால் கதையாக வராமல் பதிவாக வரும். பத்து வரியில் கைதட்டல் கிடைக்கும்போது நூறு பக்கம் எதற்கு என்று மனசு கேட்கும். இப்போது போனைக் கடையில் விட்டுவிட்டு மாடிக்குப் போய் எழுதுகிறேன். என்னால் சொல்ல முடிந்தது அதுதான். நீங்கள் காலையில் எழுதுகிறவரா, ராத்திரியா?

நம்பர்ப்ளீஸ் | 19 அக்டோபர் 2024

ராத்திரி ட்யூட்டி பழக்கம். பத்து மணிக்கு மேல்தான் மூளை விழிக்கும். அப்படியென்றால் போனை ஒன்பது மணிக்கு மகனிடம் கொடுத்துவிடுகிறேன்.

நம்பர்ப்ளீஸ் | 11 நவம்பர் 2024

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன், மற்றவர்கள் ஏமாறாமல் இருக்கச் சொல்கிறேன். புத்தகம் பற்றிப் பேசும் பக்கம் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. 40,000 பேர் பின்தொடர்கிறார்கள், உங்கள் நாவலை அறிமுகம் செய்கிறோம், 3,500 ரூபாய் என்று. ஜிபேயில் அனுப்பினேன். அட்டைப் படத்தோடு பின்னட்டையில் இருந்ததை அப்படியே எழுதிப் போட்டார்கள். வந்த கமென்டுகள் எல்லாம் "சூப்பர்", "நைஸ்", கைகூப்பும் படம். ஒரு பிரதி போகவில்லை.

அச்சுமை | 11 நவம்பர் 2024

இப்படி எனக்குத் தெரிந்தே இந்த வருஷம் நாலு பேர். இனி யாராவது கேட்டால், அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிக் கமென்டில் இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். படிக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் ஒருவராவது "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருப்பார். எல்லாமே "சூப்பர்" என்றால் அங்கே ஆளே இல்லை.

கோவைப்புழு | 12 நவம்பர் 2024

அம்மா, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், காசு கொடுத்து வாங்குகிறேன். பிடித்தால் ரீல் போடுவேன், பிடிக்காவிட்டால் போட மாட்டேன். சரியா?

தறிநாடா | 12 நவம்பர் 2024

ட்விட்டரை, அதாவது எக்ஸை, யாருமே சொல்லவில்லையே? எழுத்தாளர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்?

பெட்டிக்கடை | 12 நவம்பர் 2024

எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், வாசகர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். தவிர, 280 எழுத்து என்பது தமிழுக்கு 280 இல்லை. "மி" என்று அடித்தால் அது இரண்டாக எண்ணும். மெய்க்குப் புள்ளி ஒன்று தனி. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அக்கா சொல்லும் கதையை அதில் சொல்ல முடியாது.

வன்னிமழை | 30 நவம்பர் 2024

அக்கா, நான் டொரண்டோவில் இருக்கிறேன். உங்களுடைய லைட்னிங் கால் கதையை யாரோ பகிர்ந்து எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொன்னா. அவவுக்கு இப்ப கண் தெளிவில்லை. புத்தகம் எடுப்பித்தால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுது. கிண்டிலில் போட்டால் நான் வாங்கலாம், ஆனால் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேணும். நீங்களே வாசித்து ஒலியாக அனுப்ப ஏலாதா? ஒரு அத்தியாயம் என்றாலும் காணும்.

நம்பர்ப்ளீஸ் | 8 டிசம்பர் 2024

வன்னிமழைக்காக முதல் அத்தியாயத்தில் ஒரு பகுதியை வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் உறைத்தது: 35 வருஷம் குரலை வைத்துத்தானே சம்பளம் வாங்கினேன்! கேமரா முன்னால் என்னால் நிற்க முடியாது, அது வேறு ஜாதி ஆட்களுக்கு. ஆனால் ஹெட்செட்டில் யார் என்றே தெரியாத ஒருவரிடம் பேசுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

அதனால் இப்படிச் செய்கிறேன். வாரம் ஒரு ஒலித்துண்டு. சரியாக மூன்று நிமிஷம். கதை எங்கே நின்றாலும் நிறுத்திவிட்டு, "த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்று கேட்டு முடிக்கிறேன். மொத்தமாக நாவலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாசிக்க மாட்டேன்.

ஃபேஸ்புக்கில் சொன்னேன், எண்ணைச் சேமித்துக்கொண்டு "ஹலோ" அனுப்புகிறவர்களுக்கு அனுப்புவதாக. 190 ஹலோ வந்தது.

அச்சுமை | 8 டிசம்பர் 2024

அம்மா, கேட்கும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில்தானே போடுகிறீர்கள்? குழுவாகச் செய்துவிடாதீர்கள், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், விடிந்தால் பூ படம் வந்து குவியும். ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், பிறகு இரண்டாவது போடுங்கள். உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு அது போகவே போகாது, அதனால் சேமிக்கச் சொன்னது ரொம்பச் சரி.

தறிநாடா | 9 டிசம்பர் 2024

வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாமே, 2023லிருந்து இந்தியாவில் இருக்கிறது. எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லை, உங்கள் எண்ணும் தெரியாது.

நம்பர்ப்ளீஸ் | 9 டிசம்பர் 2024

பார்த்தேன். அதில் அவர்கள் எனக்குப் பதில் பேச முடியாது, இதயம் மட்டும் போடலாம். ஒருவழிக் கால் எனக்கு எதற்கு?

நம்பர்ப்ளீஸ் | 27 டிசம்பர் 2024

இன்று தபால் ஆபீஸில் ஒரு அதிர்ச்சி. புத்தகங்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை இந்த மாதத்தோடு எடுத்துவிட்டார்களாம். இனி பார்சல் கட்டணம். 280 ரூபாய் புத்தகத்தைத் தபால் செலவு உள்பட 280க்கே தருவதாகப் போன மாதம்தான் எழுதியிருந்தேன். வாக்குக் கொடுத்த 17 பேருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், கைநஷ்டம்தான். இனி தபால் தனி.

பெட்டிக்கடை | 27 டிசம்பர் 2024

சின்னப் பதிப்பகங்கள் எல்லாம் இதே புலம்பல். இன்றைக்கு நந்தனத்தில் புத்தகக் காட்சி வேறு தொடங்குகிறது. அங்கே பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள், தபாலும் மிச்சம். நான் மூன்றாம் தேதி போகிறேன். உங்கள் பதிப்பாளர் அரங்கில் உங்கள் நாவல் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்கிறேன்.

பெட்டிக்கடை | 3 ஜனவரி 2025

பின் வரிசையில் இருந்தது. முன்னால் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று வாங்கியும் விட்டேன். இதை என் வாழ்த்துகள் தோழர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோவைப்புழு | 18 ஜனவரி 2025

படித்துவிட்டேன் அம்மா! நடுவில் யூனியன் தேர்தல் நாற்பது பக்கம் இழுக்கிறது, அதை ரீலிலும் சொன்னேன், கோபம் இல்லையே? உங்கள் "எக்ஸ்டென்ட் பண்ணவா" குரலைக் கேட்டுத்தான் பின்னணியில் வைத்தேன். 21,000 பேர் பார்த்திருக்கிறார்கள். நிறையப் பேர் இது நிஜமான வேலையா, கற்பனையா என்று கேட்கிறார்கள்.

நம்பர்ப்ளீஸ் | 19 ஜனவரி 2025

கோபம் என்ன கண்ணு. யூனியன் பகுதி நீளம்தான். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார், அவர் பேச்சைக் கேட்கவில்லை. ரீலைப் பார்த்து 14 பேர் கேட்டார்கள், எல்லோரும் முப்பதுக்குள். ஒரு பையன் தன் பாட்டிக்குப் பரிசாக.

நம்பர்ப்ளீஸ் | 2 மார்ச் 2025

ஒரு தொல்லை. எண்ணை ஊருக்கே கொடுத்ததால் ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்புகள். ஒரு பெரியவர் தினமும் கூப்பிட்டுத் தன் சுயசரிதையை எழுதித் தரச் சொல்கிறார். இன்னொருவர் "உங்கள் குரல்" என்று ஆரம்பித்தார், துண்டித்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சிலும் இப்படி ஆட்கள் உண்டு, அங்கே ப்ளக்கைப் பிடுங்கிவிடலாம். இங்கே என்ன செய்வது?

கோவைப்புழு | 2 மார்ச் 2025

அந்த ஆளை உடனே பிளாக் செய்யுங்கள், யோசிக்கவே யோசிக்காதீர்கள். புதிதாக ஒரு சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இன்ன நேரம்தான் பதில் வரும் என்று தானாகவே செய்தி போகும். "பணம் வந்தது", "அனுப்பியாச்சு" என்று ஒவ்வொருவருக்கும் சீட்டு ஒட்டி வைக்கலாம். சொந்த எண்ணை இனி எங்கேயும் எழுதாதீர்கள்.

அச்சுமை | 3 மார்ச் 2025

எண்ணை மாற்றுவதற்கு முன் பழைய பட்டியலில் இரண்டு முறையாவது சொல்லிவிடுங்கள். புது எண்ணைச் சேமிக்காவிட்டால் ஒலித்துண்டு போகாது.

நம்பர்ப்ளீஸ் | 20 ஜூலை 2025

ரொம்ப நாளாகிவிட்டது. ராத்திரி ஒன்பதுக்குப் போன் மகனிடம் போய்விடுகிறது, அதனால் இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டாவது நாவல் 130 பக்கம் வந்திருக்கிறது.

கணக்கு கேட்பீர்கள். 300இல் மிச்சம் 9. எது எங்கே போனது என்று பழைய ட்ரங்க் டிக்கெட் மாதிரி நோட்டில் எழுதி வைத்தேன்: விழாவும் சொந்தமும் 41, ஃபேஸ்புக் மூலம் நேராக 48, சங்கக் குழு 22, கோவைப்புழுவின் ரீல் 14, சென்னைப் புத்தகக் காட்சி 33, மிச்சம் 133ம் ஒலித்துண்டு கேட்டவர்கள். ஃபேஸ்புக்கில் அவ்வளவு லைக் வாங்கிய எந்தப் பதிவும் ஒரே நாளில் பத்துப் பிரதியைத் தாண்டவில்லை. ஆனால் ஹலோ சொன்ன எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான், அதனால் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஒலித்துண்டு பட்டியல் இப்போது இரண்டு, மொத்தம் 410 பேர். கேட்டு முடித்ததும் பலர் "எக்ஸ்டென்ட்" என்று ஒரு வார்த்தை அனுப்புவார்கள். அதுதான் அவர்கள் ஆர்டர். முகவரி கேட்டு எழுதிக்கொள்வேன்.

பதிப்பாளர் இன்னும் 200 போடுகிறார், ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு வந்துவிடும். யூனியன் பகுதியில் பதினெட்டுப் பக்கம் வெட்டிவிட்டேன்.

வன்னிமழை | 21 ஜூலை 2025

அக்கா, வெட்டின பக்கங்களை அம்மாவுக்கு மட்டும் அனுப்புவீங்களா? அவவுக்கு அந்தச் சண்டைதான் பிடிச்சது.

நம்பர்ப்ளீஸ் | 21 ஜூலை 2025

ஆறு துண்டாக வரும் என்று சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி முதல் துண்டு.